விசிறிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே

சென்னை அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் நின்றால் கடல் தெரியாது, அலைச் சத்தமும் கேட்காது. ஆனாலும் வங்கக் கடலின் சின்னப் படகுகளைப் பற்றிய ஏராளமான வரைபடங்களும் கணக்குகளும் இந்தச் சாலையிலிருந்துதான் அச்சாகி வெளியே போயின. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் 1979இல் ஸ்வீடன் நாட்டு நிதியுதவியோடு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டத்தின் அலுவலகம் பல ஆண்டுகள் இங்கேதான் இயங்கியது. 1986இல் அது ஒரு கையேடு வெளியிட்டது. சிறு மீன்பிடிப் படகுகளின் எரிபொருள் செலவை எப்படிக் குறைப்பது என்பதுதான் பொருள். எழுதியவர் நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன்.

டீசல் அதிகம் குடிக்கிறது என்றால் முதலில் எல்லோரும் இஞ்சினைத்தான் சந்தேகப்படுவார்கள். நாசிலைக் கழற்றுவார்கள், ஃபில்டரை மாற்றுவார்கள், கடைசியில் இஞ்சினையே மாற்றுவார்கள். அந்தக் கையேடு கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் பார்க்கச் சொன்னது: தண்ணீருக்கடியில் சுழலும் விசிறி. அதே குல்பிரான்ட்சன் 2012இல் ரோம் நகரிலிருந்து இன்னொரு கையேட்டை வெளியிட்டபோதும், கால் நூற்றாண்டு கடந்திருந்தும், விசிறிக்கு அதில் முக்கிய இடம் கொடுக்க வேண்டியிருந்தது.

விசிறி எவ்வளவு பெரிதோ, எவ்வளவு மெதுவாகச் சுழலுமோ, அவ்வளவு நல்லது. ஆனால் படகின் அடித்தட்டுக்குக் கீழே இருக்கும் இடம் அதற்குச் சம்மதிக்காது. உள்ளே இஞ்சின் வைத்து ஓட்டும் எந்தப் படகிலும் விசிறி அளவைத் தேர்வது என்பது இந்த இரண்டுக்கும் நடுவே பஞ்சாயத்து பேசும் வேலைதான்.

பெரிய விசிறி ஏன் மிச்சம் பிடிக்கிறது?

படகு முன்னால் போக வேண்டுமானால் தண்ணீரைப் பின்னால் தள்ள வேண்டும். இதை இரண்டு விதமாகச் செய்யலாம். கொஞ்சம் தண்ணீரைப் பிடித்து வேகமாகத் தள்ளலாம்; நிறையத் தண்ணீரைப் பிடித்து மெல்லத் தள்ளலாம். இரண்டிலும் ஒரே உந்துவிசை கிடைக்கும்படி செய்ய முடியும். செலவு மட்டும் ஒன்றல்ல. உந்துவிசை, தண்ணீருக்குக் கொடுக்கும் வேகத்தைப் பொறுத்து நேர்விகிதத்தில் கூடும். அதற்குச் செலவாகும் ஆற்றலோ வேகத்தின் வர்க்கமாகக் கூடும். ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின் 1865இலேயே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார்.

எண்ணாகப் பார்க்கலாம். ஆறு நாட் (மணிக்கு ஆறு கடல் மைல்) வேகத்தில் ஓடும் ஒரு சிறு படகுக்கு 600 நியூட்டன் உந்துவிசை தேவை என்று வைத்துக்கொள்வோம். ராங்கின் கணக்குப்படி, உராய்வே இல்லாத ஒரு கற்பனை விசிறியின் குறுக்களவு 25 செ.மீ. என்றால் அதன் அதிகபட்சத் திறன் சுமார் 70 சதவீதம். 35 செ.மீ. என்றால் 80 சதவீதம். 50 செ.மீ. என்றால் 88 சதவீதம். நிஜ விசிறியில் இறக்கையின் உராய்வும் தண்ணீர் சுழன்று வீணாவதும் சேர்ந்து இந்த எண்களை நன்றாகவே கீழே இழுக்கும். சிறு படகுகளில் பாதி ஆற்றல் உந்துவிசையாக மாறினாலே நல்ல பொருத்தம்தான். ஆனால் வரிசை மாறாது. குறுக்களவு குறையக் குறைய டீசலின் ஒரு பங்கு கடலைக் கலக்குவதற்கே போய்விடும்.

பெரிய விசிறியை வேகமாகச் சுழற்ற முடியாது. இஞ்சின் தாங்காது. ஒரே அச்சில் வார்த்த விசிறிகள் உறிஞ்சும் திறன் சுழற்சி வேகத்தின் மூன்றாம் அடுக்காகவும் குறுக்களவின் ஐந்தாம் அடுக்காகவும் ஏறும். 15 அங்குல விசிறிக்குப் பதில் அதே வார்ப்பில் 16 அங்குலம் போட்டு அதே வேகத்தில் சுழற்ற வேண்டுமானால் 38 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஒரே ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு. அதனால்தான் இஞ்சினுக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே வேகத்தைக் குறைக்கும் கியர் பாக்ஸ் வருகிறது.

அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் டேவ் கெர் 1989இல் வெளியிட்ட விசிறிக் கையேட்டில், மூன்று இறக்கை விசிறிக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஷாஃப்டுக்கு வரும் குதிரைத்திறனின் 0.2 அடுக்கை 632.7ஆல் பெருக்கி, ஷாஃப்ட் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணின் 0.6 அடுக்கால் வகுத்தால் குறுக்களவு அங்குலத்தில் வரும். 10 குதிரைத்திறன் இஞ்சின், 3000 சுற்று, கியர் இல்லை: விடை சுமார் 8 அங்குலம். அதே இஞ்சினுக்கு மூன்றுக்கு ஒன்று கியர் வைத்து ஷாஃப்டை 1000 சுற்றுக்கு இறக்கினால் விடை சுமார் 16 அங்குலம். இஞ்சின் ஒன்றுதான்; விசிறி இரண்டு மடங்கு.

திருகின் கதை

விசிறியின் குமிழில் பொதுவாக இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 16 × 11 என்றால் முதல் எண் குறுக்களவு, இரண்டாவது எண் பிட்ச். மரத்தில் திருகாணி இறங்குவதுபோல விசிறி தண்ணீரில் வழுக்காமல் இறங்கினால், ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் முன்னேறுமோ அதுதான் பிட்ச். பக்கத்தில் வலமா இடமா என்பதற்கு ஓர் எழுத்தும் இருக்கலாம். பின்னாலிருந்து பார்க்கும்போது முன்னோட்டத்தில் எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்பதைச் சொல்வது அது.

தண்ணீர் மரமில்லை, வழுக்கும். 12 அங்குலப் பிட்ச் உள்ள விசிறி நிமிடத்துக்கு 1000 முறை சுழன்றால் காகிதக் கணக்கில் படகு கிட்டத்தட்ட பத்து நாட் வேகத்தில் போக வேண்டும். மீன்பிடிப் படகு ஆறு நாட்தான் போகும். மீதி நாற்பது சதவீதம் வழுக்கல். மெதுவான, கனமான படகுகளில் இந்த அளவு சகஜம், இதைக் கோளாறு என்று எண்ணிப் பிட்சைக் கூட்டினால் இஞ்சின்தான் திணறும்.

திருகு நீளமாக இருந்தால்தான் நன்றாகத் தள்ளும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். லண்டன் அருகே ஹெண்டன் என்ற ஊரில் விவசாயம் பார்த்த பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் 1836இல் படகுக்கான திருகு விசிறிக்குக் காப்புரிமை வாங்கினார். அவருடைய விசிறி இரண்டு முழுச் சுற்று கொண்ட மரத்திருகு. 1837இல் பாடிங்டன் கால்வாயில் ஓட்டிப் பார்த்தபோது திருகு எதிலோ மோதிப் பாதி உடைந்து போனது. படகு நிற்கவில்லை, முன்னைவிட வேகமாக ஓடியது. நீளமான திருகின் பரப்பு முழுக்கத் தண்ணீரோடு உராய்ந்து ஆற்றலைத் தின்றுகொண்டிருந்தது அந்த விபத்தில்தான் வெளிப்பட்டது. இன்றைய குட்டை இறக்கைகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

விரலால் அளக்கும் இடைவெளி

இனி அடித்தட்டுக்கு வரலாம். கரையேற்றிய ஒரு படகின் பின்புறம் குனிந்து, ஷாஃப்டைக் கையால் உருட்டி ஓர் இறக்கையை நேர் மேலே நிறுத்தினால், இறக்கை நுனிக்கும் அடித்தட்டுக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். அதில் எத்தனை விரல் நுழைகிறது என்பதுதான் கேள்வி. படகு கட்டுபவர்களின் பொதுவிதி, குறுக்களவில் 15 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது. மெதுவாகச் சுழலும் விசிறிக்குப் பத்து வரை இறங்கலாம். வேகமாகச் சுழல்வதற்கு இருபதுவரை போக வேண்டும். 12 அங்குல விசிறிக்கு 15 சதவீதம் என்றால் ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர். கிட்டத்தட்ட மூன்று விரல்.

இந்தச் சந்து எதற்கு? முதல் காரணம் அதிர்வு. ஒவ்வொரு இறக்கையும் தன் ஒரு பக்கத்தில் அழுத்தத்தையும் மறுபக்கத்தில் உறிஞ்சலையும் சுமந்துகொண்டு சுற்றுகிறது. அடித்தட்டுக்குக் கீழே அது கடந்து போகும்போதெல்லாம் தட்டில் ஓர் அடி விழும். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 1000 சுற்று என்றால் ஒரு நொடிக்கு 50 அடி. மரப்படகில் பலகை இணைப்புகள் தளரும். ஃபைபர் படகில் அந்த இடத்தில் பூச்சு நரம்புநரம்பாக வெடிக்கும், ஷாஃப்ட் குழாயைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் லூசாகும். சந்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினாலே அடி மளமளவென்று குறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் தண்ணீரின் நடத்தை. படகு தன்னை ஒட்டியிருக்கும் தண்ணீரைக் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் அடித்தட்டை ஒட்டிய நீர் விசிறிக்கு மெதுவாக வந்து சேரும், கீழே உள்ள நீர் வேகமாக வரும். இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் மேலே மெதுவான நீரையும் கீழே வேகமான நீரையும் மாறிமாறி வெட்டுகிறது. நுனி தட்டை நெருங்க நெருங்க இந்த ஏற்றத்தாழ்வு கூடும், மேலே வரும் இறக்கை அளவுக்கு மீறிச் சுமை வாங்கும். அடையாறு ஐ.ஐ.டி. வளாகத்தில் கடல்சார் பொறியியல் துறையின் இழுவைத் தொட்டியில் மாதிரிப் படகுகளைத் தண்டவாள வண்டியில் கட்டி இழுத்துப் பார்ப்பதுபோன்ற சோதனைகள் இந்த மாதிரி விஷயங்களுக்கும் உதவுகின்றன. படகின் தடை எவ்வளவு, பின்புறத்தில் நீர் எவ்வளவு மந்தப்படுகிறது என்பதெல்லாம் தெரிந்தால்தான் விசிறிக்கு உண்மையில் எந்த வேகத்தில் தண்ணீர் வந்து சேரும் என்பது தெரியும்.

மேலே மட்டுமில்லை, முன்னாலும் இடம் வேண்டும். ஷாஃப்ட் வெளியே வரும் கட்டைக்கும் இறக்கைக்கும் நடுவே குறுக்களவில் கால் பங்கு இடைவெளி இருப்பது நல்லது. அந்தக் கட்டை மொத்தமாக, சதுரமாக முடிந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு தேங்கும். இறக்கை அதற்குள் புகுந்து புகுந்து வெளிவரும். கட்டையின் பின்விளிம்பை உளியால் சீவி மெல்லிதாக்குவது ஒரு நாள் வேலை. கூலியைத் தவிர வேறு செலவில்லை, பலன் உடனே தெரியும். பின்னால் சுக்கானுக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும், இல்லையென்றால் சுக்கான் கைப்பிடியில் நடுக்கம் நிற்காது.

நுனி வேகம் மிதமிஞ்சினால் இன்னொரு தொல்லை: இறக்கையின் உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் விழுந்து, தண்ணீர் அந்த இடத்திலேயே ஆவிக் குமிழாகும். சார்ல்ஸ் பார்சன்ஸ் 1894இல் தன் டர்பைன் கப்பலான 'டர்பினியா'வை ஒரே விசிறியோடு ஓட்டி ஏமாந்தது இதனால்தான். சுமையை மூன்று ஷாஃப்ட், ஒன்பது விசிறி என்று பிரித்துக் கொடுத்த பிறகு, 1897இல் அது 34 நாட் வேகத்தை எட்டி பிரிட்டிஷ் கடற்படை அணிவகுப்பையே கலங்கடித்தது. ஆறு நாட் மீன்பிடிப் படகுக்கு இந்தப் பயம் குறைவு. கியர் இல்லாமல் சிறு விசிறியை 3000 சுற்றில் விரட்டுபவர்கள் மட்டும் இறக்கையில் அரித்த குழிகளைப் பார்க்க நேரும்.

கணக்கு எங்கே இடிக்கிறது

இப்போது இரண்டு கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். ஒரு படகில் ஷாஃப்டின் மையம் அடித்தட்டுக்கு 8 அங்குலம் கீழே இருக்கிறது. டீசல் மிச்சமாகும் என்று 16 அங்குல விசிறி வாங்கி வந்தால் அதன் ஆரமே 8 அங்குலம். இறக்கை தட்டை உரசும். ஆரத்தோடு 15 சதவீத இடைவெளியும் அந்த 8 அங்குலத்துக்குள் அடங்க வேண்டும். குறுக்களவின் 0.65 மடங்கு 8 அங்குலம் என்றால் குறுக்களவு 12.3. ஆக, 12 அங்குலம்தான் உச்சவரம்பு. 10 குதிரைத்திறனை 12 அங்குல விசிறிக்குள் அடக்க ஷாஃப்ட் 1500 சுற்றை ஒட்டிச் சுழல வேண்டும். அதாவது கியர் மூன்றுக்கு ஒன்று அல்ல, இரண்டுக்கு ஒன்று. கெர் சூத்திரம் கேட்கும் பன்னிரண்டரை அங்குலத்துக்கு இது அரை அங்குலம் குறைவு. அந்தக் குறையைப் பிட்சில் ஓர் அங்குலம் கூட்டிச் சரிக்கட்டலாம்.

இந்தக் கணக்கு இஞ்சினிலிருந்து அல்ல, இடத்திலிருந்துதான் தொடங்கியது என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் இடம், அடுத்து விசிறி, அதற்குப் பிறகு கியர், கடைசியில் இஞ்சின். நடைமுறையில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. பக்கத்துப் படகுக்காரர் வைத்ததைவிட ஒரு படி பெரிய இஞ்சின் முதலில் வந்து இறங்கும். பழைய ஷாஃப்ட் அதே இடத்தில் இருக்கும். இருக்கிற சந்துக்குள் நுழையக்கூடிய விசிறியைத் தேடி மாட்டுவார்கள். கூடுதல் குதிரைத்திறன் கலக்கலாகவும் அதிர்வாகவும் பின்னால் போகும்.

மணலில் ஏறும் படகு

பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், ஊரூர் குப்பம் கரைகளில் இந்த முடிச்சு இன்னும் இறுகுகிறது. இங்கே ஜெட்டி இல்லை. படகு அலை மடியும் இடத்தைத் தாண்டி வந்து மணலில் ஏற வேண்டும். அடையாற்றின் முகத்துவாரத்திலோ மணல் திட்டு வந்து வந்து மூடிக்கொள்ளும். சென்னைக்குத் துறைமுகம் வருவதற்கு முன் கப்பல் பயணிகளைக் கரை சேர்த்த மசூலாப் படகின் பலகைகள் ஆணி இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தது இந்த அலைக்காகத்தான். மணலில் மோதினால் வளைந்து கொடுக்கும். கட்டுமரத்துக்கு அடித்தட்டே கிடையாது. இரண்டுமே இஞ்சினுக்கு இடம் கொடுக்காத வடிவங்கள். 1952இல் ஒப்பந்தமான இந்திய–நார்வே திட்டம் கேரளத்தில் இறங்கியபோதும் உள்ளூர் வள்ளங்களில் அப்படியே இஞ்சின் வைக்க முடியாமல் புதிய படகுகளைத்தான் வடிவமைக்க வேண்டியிருந்தது.

16 அங்குல விசிறி, இடைவெளி, கீழே ஒரு காப்பு எல்லாம் சேர்ந்தால் அடித்தட்டுக்குக் கீழே அரை மீட்டர் ஆழம் கேட்கும். மணலில் ஏறும் படகுக்குத் தட்டையான அடி வேண்டும், முழங்கால் தண்ணீரில் மிதக்க வேண்டும். ஆழ்கடலில் வரம், கரையில் சாபம்.

அபிராமபுரத்து அலுவலகத்தின் வடிவமைப்பாளர்கள் 1980களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கரையேறும் படகுகள் என்று அவர்கள் உருவாக்கிய வரிசையில், ஐ.என்.டி.-20 முதலான வடிவங்களில், சிறிய டீசல் இஞ்சினைத் தனியாக ஒரு நீர்புகாப் பெட்டியில் உட்கார வைத்தார்கள். பெட்டி ஒரு அச்சில் சாயும். இஞ்சின், ஷாஃப்ட், விசிறி மூன்றும் ஒரே துண்டாக அதோடு சேர்ந்து சாயும். கடலில் விசிறி தன் முழு ஆழத்துக்கு இறங்கி, தட்டிலிருந்து தாராளமாக விலகி நிற்கும். கரை நெருங்கும்போது கையால் தூக்கினால் விசிறி மேலேறி அடித்தட்டின் பள்ளத்துக்குள் ஒளிந்துகொள்ளும். இடைவெளியை நிரந்தரமாகப் படகின் வடிவில் தேடாமல், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும் உண்டாக்கிக்கொள்ளும் உபாயம் இது. கிழக்குக் கடற்கரையின் பல ஊர்களில் இந்தப் படகுகள் ஓடின.

இன்னொரு வழி நீளவால் இஞ்சின். இஞ்சின் படகின் பின்விளிம்பில் ஒரு சுழல் தாங்கியில் நிற்க, நீண்ட ஷாஃப்ட் படகைத் தாண்டிப் பின்னால் நீளும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகுகளில் பலவற்றில் இதைப் பார்க்கலாம். கைப்பிடியை அழுத்தினால் விசிறி தண்ணீரைவிட்டே வெளியே வந்துவிடும். மேலே அடித்தட்டே இல்லாததால் இடைவெளிப் பிரச்சினையும் இல்லை. பதிலுக்கு வேறு விலை கொடுக்க வேண்டும். பெரும்பாலும் கியர் இல்லாததால் விசிறி சிறிது, சுழற்சி வேகம் அதிகம். மேலே மூடி இல்லாததால் மேற்பரப்பிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அப்போது இஞ்சின் திடீரென்று கத்தும், படகு நகராது. ஷாஃப்ட் சாய்வாக இறங்குவதால் இறக்கை கீழ்நோக்கி வரும்போது ஒரு சுமையும் மேல்நோக்கிப் போகும்போது வேறு சுமையும் வாங்கும். சாய்வு 15 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இழப்பு பொறுக்கக்கூடியது.

கடலில் ஒரு பரீட்சை

சூத்திரம் எதைச் சொன்னாலும் தீர்ப்பு கடலில்தான். ஐஸ், வலை, ஆள் என்று வழக்கமான பாரத்தோடு அமைதியான தண்ணீருக்குப் போய், ஆக்ஸிலரேட்டரை முழுக்கத் திறந்து இஞ்சின் எத்தனை சுற்று எட்டுகிறது என்று மீட்டரில் பார்க்க வேண்டும். 3000 சுற்று என்று தயாரிப்பாளர் குறித்த இஞ்சின் 2600இலேயே கரும்புகை கக்கி நின்றால் விசிறி அதற்குப் பெரிது. பட்டறையில் பிட்சைக் குறைக்கலாம், இல்லையென்றால் நுனியைக் கடைந்து குறுக்களவைக் குறைக்கலாம். ஐந்தாம் அடுக்கு விதி இங்கேயும் வேலை செய்யும்: 16 அங்குலத்தை 15 ஆக்கினால் அதே சுற்றில் சுமை கால் பங்குக்கும் மேல் குறைந்துவிடும். அதனால் கைதேர்ந்த பட்டறைக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கடைவார்கள். சுலபமாக 3000ஐத் தாண்டி ஓடினால் விசிறி சிறிது. இஞ்சினின் திறன் முழுக்கப் பயன்படவில்லை.

எந்த வேலைக்கான படகு என்பதும் முக்கியம். காசிமேட்டு விசைப்படகு இரண்டு மூன்று நாட் வேகத்தில் மடிவலையை இழுக்கிறது. அதற்குக் குறுக்களவு கூடிய, பிட்ச் குறைந்த விசிறி வேண்டும். செவுள்வலை போட்டுத் திரும்பும் ஃபைபர் படகுக்குப் போக வர ஓட்டம்தான் பெரிது, பிட்ச் கொஞ்சம் கூடலாம்.

காலமும் கணக்கை மாற்றும். துறைமுகத்திலேயே மிதந்து கிடக்கும் விசைப்படகின் அடியில் சில மாதங்களில் பாசியும் கொட்டலசும் படர்ந்து தடை கூடும். புதிதாக இருக்கும்போதே இஞ்சின் குறித்த சுற்றை எட்டத் திணறினால், ஆறு மாதத்தில் அது புகையிலேயே ஓடும். அதனால் அத்தகைய படகுக்கு ஒரு பிடி சின்ன விசிறியையே தேர்ந்தெடுக்கிறார்கள். நொச்சிக்குப்பத்து மணலில் அன்றாடம் ஏறி வெயிலில் காயும் படகில் கொட்டலசு ஒட்ட நேரமில்லை. அங்கே தேய்மானம் எதிர்த்திசையில் நடக்கிறது: அலை கிளப்பும் மணல் பித்தளை இறக்கையின் நுனியை வருடக்கணக்கில் தின்று, விசிறியைச் சிறிதாக்குகிறது. படகு புதிதாக இருந்தபோது எட்டிய சுற்றை இஞ்சின் பெட்டியின் மூடியில் பெயிண்டால் எழுதி வைத்திருந்தால், மீட்டர் அதைத் தாண்டி நூறு இருநூறு காட்டத் தொடங்கும்போது விசிறியைக் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.